வைத்தியசாலைக்கு வெளியே ஒரு சுகாதாரப் படிப்பு

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாட்களில் நமது இல்லங்கள் பலவற்றில் ஒருவித சாவீட்டு அமைதி நிலவுவதை நாம் அறிவோம். உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்காவிட்டால், வேறெது கிடைத்தாலும் அது தோல்வியாகவே எண்ணப்படுகின்றது. அண்மையில் தாயார் ஒருவர், "மகனுக்கு ரஜரட்டையில ஹெல்த் புரமோசன் எண்டு கிடைச்சிருக்கு. அது நேர்ஸ் வேலையோ, பிஎச்ஐ வேலையோ? ஒருத்தருக்கும் சொல்லத் தெரியேல்லை" என்று நம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. நமக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுகாதார மேம்பாடு என்பது தாதியர் தொழிலும் அல்ல, பரிசோதகர் தொழிலும் அல்ல. 1986ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் வெளியான சாசனமே இத்துறைக்கு அடித்தளம் எனலாம். மக்கள் தமது உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளைத் தாமே இனங்கண்டு, அவற்றைத் தமது கைக்குள் கொண்டுவர வழிசெய்வதே சுகாதார மேம்பாடு என அது விளக்கியது. சமாதானம், இருப்பிடம், கல்வி, உணவு, வருமானம், சமூக நீதி என்பவை நலவாழ்வுக்கு முன்நிபந்தனைகள் என்றும் அச்சாசனம் கூறுகின்றது. யுத்தத்தின் நடுவே வாழ்ந்த நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

"சீனியைக் குறையுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவது சுகாதாரக் கல்வி. பாடசாலை வாசலில் உள்ள கடையில் பிள்ளைகள் கையில் இருக்கும் காசுக்கு இனிப்புப் பானத்தைத் தவிர வேறொன்றும் வாங்க முடியாதிருப்பது ஏன் என்று பெற்றோரும் கடைக்காரரும் அதிபரும் சேர்ந்து கேட்டு, அந்த நிலையை மாற்றுவது சுகாதார மேம்பாடு. இரண்டாவது வேலை கடினமானது. அதற்கு நோயியல் தெரிந்தால் மட்டும் போதாது. சமூகவியல், உளவியல், புள்ளிவிபரம், கொள்கை வகுப்பு ஆகியவற்றோடு கேட்கும் பொறுமையும் வேண்டும்.

இலங்கையில் இதனை நான்காண்டுச் சிறப்புப் பட்டமாக மிகிந்தலையில் அமைந்துள்ள ரஜரட்டப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் வழங்கி வருகின்றது. அதன் இடமே ஒரு பாடம். காரணம் முழுமையாகத் துலங்காத சிறுநீரக நோய் 1990கள் தொடக்கம் விவசாயக் குடும்பங்களை வாட்டி வரும் வடமத்திய மாகாணத்தின் நடுவில் அது இருக்கின்றது. வவுனியாவின் சில பகுதிகளும் இந்நோய்க்குத் தப்பவில்லை. இங்கே வைத்தியர் நோயாளியைச் சந்திக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது. குடிநீர், வயல்வேலை, வெயில், விவசாய இரசாயனம், வறுமை என்று காரணங்கள் குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. இத்தகைய கிராமங்களில் மக்களோடு அமர்ந்து பழகுவது விரிவுரை மண்டபத்தில் கற்பதைவிட வேறானது.

நம் நாட்டுக்கு இது முற்றிலும் புதிய சிந்தனையும் அல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது முதல், வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதுக்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தாய் சேய் மரணங்களைக் குறைத்தனர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்று நமது நாட்டில் நிகழும் பத்து மரணங்களில் ஏறத்தாழ எட்டு, நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களாலேயே நிகழ்கின்றன. நுளம்புக்கு மருந்தடிக்கலாம்; சீனிக்கும் சிகரெட்டுக்கும் அப்படிச் செய்ய முடியாது. சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் (2015), குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு (2016), சீனிக்கான வரி (2017) என்பவை அரசு எடுத்த நல்ல முயற்சிகள். ஆயினும் போத்தலில் சிவப்பு நிறம் இருப்பதை எத்தனை பேர் பார்த்து வாங்குகின்றோம்? நமது ஆலயத் திருவிழாக்களின் இறுதியில் பரிமாறப்படும் பானங்களையே கவனித்தால் போதும்.

இனி அத்தாயாரின் கேள்விக்கு வருவோம். மருத்துவப் பட்டதாரிக்கு இருப்பது போன்ற நேரான நியமனப் பாதை இப்பட்டதாரிக்கு இல்லை. இதை மறைத்துப் பிள்ளைகளை ஊக்கப்படுத்துவது நேர்மையாகாது. சிலர் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கும் ஆய்வுத் துறைக்கும் செல்லலாம். வேறு சிலர் பட்டதாரி நியமனங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகி, படித்ததற்கும் செய்வதற்கும் தொடர்பின்றி அலுவலகக் கதிரையில் அமரவும் கூடும். தொற்றா நோய்களுக்குப் பெருந்தொகையைச் செலவிடும் அரசு, அவற்றைத் தடுக்கக் கற்றவர்களுக்கு ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் ஒரு பதவியை உருவாக்கத் தயங்குவது நமக்கு விளங்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரிவுரைகள் ஆங்கிலத்தில், கிராமங்களில் பேச்சோ சிங்களத்தில். தமிழ்ப் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. ஆனால் இதைக் கண்டு நம்மவர்கள் ஒதுங்கினால், மன்னாரின் மீனவக் கிராமத்திலும் வன்னியின் மீள்குடியேற்றக் கிராமத்திலும் மலையகத் தோட்டத்திலும் மக்களின் மொழியிலேயே அமர்ந்து பேச யார் இருப்பார்கள்? மதுவும் கடனும் குடும்ப வன்முறையும் ஒன்றையொன்று வளர்க்கும் நமது ஊர்களில் மருந்துச் சீட்டு எழுதுபவரால் மட்டும் என்ன செய்ய இயலும்?

இவற்றையெல்லாம் அத்தாயாரிடம் நாம் சொன்னோம், வேலைவாய்ப்புப் பற்றிய சந்தேகத்தையும் சேர்த்தே. அவர் முழுமையாகத் திருப்தியடைந்தார் என்று சொல்வதற்கில்லை. மகன் பதிவு செய்துவிட்டார். இப்போது வார இறுதியில் சிங்களம் கற்பிக்க ஒரு ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்கின்றார்கள்.