பழி தாயின் தலையிலா?

தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ ஓர் இளைஞன் கஞ்சாவுடன் பிடிபட்டான் என்ற செய்தி பரவினால் போதும்; காவல்துறையினர் வழக்குப் பதிவு செய்வதற்குள் நம்மவர் தீர்ப்பே எழுதி முடித்துவிடுகின்றனர்: "பெற்றவள் வேலை வேலையென்று அலைந்தாள்; பிள்ளை கெட்டான்." கோவில் வளாகத்திலும் அன்பியக் கூட்டங்களிலும் கூசாமல் உரைக்கப்படும் இத்தீர்ப்புக்கு, இப்போது அறிவியலையும் சாட்சிக்கு அழைக்கின்றனர். அழைத்தது நன்று, சாட்சி கூறுவதை முழுமையாகக் கேட்போம்.

பிறந்த முதல் இரு வாரங்களில் எலிக்குட்டிகளை நாள்தோறும் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரித்துவைத்த ஆய்வுகள் பல உண்டு. வளர்ந்தபின் அவை சிறு நெருக்கடிக்கும் மிகையாகப் பதறின. மதுவையும் போதைப்பொருளையும் கூடுதலாக நாடியதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆனால், பதினைந்து நிமிடம் மட்டும் பிரிந்து தாயிடம் திரும்பிய குட்டிகளுக்கு அத்தீங்கு நேரவில்லை. பிரிவு என்னும் சொல் ஒன்றுதான். அதன் விளைவோ ஒன்றல்ல.

ரீசஸ் குரங்குகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1991இல் வெளிவந்தது. தாயின்றி, ஒத்த வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்ந்தவை, தாயோடு வளர்ந்தவற்றைவிட அதிகமாக மது அருந்தின. எனினும் தாயோடு வளர்ந்தவற்றையும் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிமைப்படுத்தியபோது, அவையும் ஏறத்தாழ அதே அளவு குடித்தன! 'என் பிள்ளை என் மடியில் வளர்ந்தவன்' என்று மார்தட்டுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

மனிதரைப் பற்றிய சாட்சி இன்னும் கூர்மையானது. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் 8,613 பேரிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, குழந்தைப் பருவத் துன்பங்கள் பத்தைக் கணக்கிட்டது. அவற்றுள் ஐந்தையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்கள், எதையுமே அனுபவிக்காதவர்களைவிட 7 முதல் 10 மடங்கு போதைப்பொருள் சிக்கலுக்கு ஆளாகியிருந்தனர். அப்பட்டியலில் பெற்றோர் பிரிவு உண்டு. புறக்கணிப்பு உண்டு. தாய் அடிபடுவதைக் காணுதலும் உண்டு. தாய் வேலைக்குச் செல்லுதல் அதில் இல்லை! பழி தேடுவோர், தாயை அடிக்கும் கையை அல்லவா முதலில் சுட்டியிருக்க வேண்டும்?

குழந்தையைச் சிதைப்பது தாயின் உழைப்பல்ல. தேற்றுவாரின்றி நீளும் தனிமையே. நிலையான அன்புடைய பாட்டியின் மடியோ, நல்ல காப்பகமோ அத்தனிமையைத் தடுக்கும். அத்தகைய மடி கிடைக்காதபடி செய்தவர் யார்?

1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. இன்று பழைய மகாபலிபுரம் சாலையெங்கும் அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. இவ்வளர்ச்சியைத் தாங்குவது பெண்களின் கரங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் அந்த 26 வாரங்களைக் கொடுத்தவர் எவர்?

வாசகர்களே, கடுமையாகவே கேட்கிறேன். நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கி, நம் மழலைகளை இடுப்பில் சுமக்கும் அந்தச் சகோதரி, தன் கைக்குழந்தையை எவரிடம் விட்டு வந்தாள் என்று என்றேனும் கேட்டோமா? அவளுடைய குழந்தையின் தாய்மடியை நாமே மாதச் சம்பளத்துக்கு வாங்கிக்கொண்டோம். இருபது ஆண்டுகள் கழித்து அக்குழந்தை தடுமாறினால், 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

'அப்படியானால் போதைக்கு அடிமையானவனுக்குப் பொறுப்பே இல்லையா?' என்பர் சிலர். உண்டு. போதைப் பழக்கத்தைக் கனமான குற்றமென்றே திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுகிறது. அச்சமும், வேரூன்றிய பழக்கமும், உளவியல், சமூகக் காரணிகளும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கூறுவதும் அதே ஏடுதான். முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்கள் இரண்டாவதையும் படிக்கட்டும்.

இளமைக் காயம் தலைவிதியல்ல. தாயைப் பிரிந்து வளர்ந்தோர் எல்லாரும் போதையில் வீழ்வதில்லை, வீழ்ந்தோரும் எழுகின்றனர். சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய மறுவாழ்வு நிறுவனம், நோயாளியோடு அவர்தம் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கிவருகிறது. உறவின் முறிவில் பிறந்த நோய்க்கு உறவும் மருந்தாகும் என்பதற்கு அது சான்று.

நம் பங்குகளின் மண்டபங்கள் திருமண நாள்களில் ஒளிர்கின்றன. மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் உழைக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்காகத் திறப்போம். பயிற்சி பெற்ற பெண்களை நியாயமான ஊதியத்தில் அமர்த்துவோம். திருவிழா வாணவேடிக்கைக்குச் செலவிடும் பணத்தை அங்கே செலவிடுவோம். நம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பு அளிப்போம். இவற்றைச் செய்ய மனமில்லையெனில், அடுத்த இளைஞன் பிடிபடும் நாளில், அவன் தாயைப் பற்றி வாய் திறவாதிருப்போம்.