பிள்ளையைப் பிரிக்காதே, குடும்பத்தைத் தாங்கிப் பிடி!



ஏழை வீட்டுக்குத் துயரம் தனியாக வருவதில்லை. கட்டட வேலைக்குப் போன அப்பன் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டால், அம்மா ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைய வேண்டும். பார்த்துக்கொள்ளப் பாட்டி ஊரில் இருக்கிறாள். ஊரோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அந்த நேரத்தில்தான் நம் சால்களில் ஒரு யோசனை கிளம்புகிறது: "பிள்ளைகளைக் கொஞ்ச நாள் ஹோமில் விட்டு வையுங்கள். சோறும் படிப்பும் கிடைக்கும்." சொல்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். அந்த யோசனையை நாம் எதிர்க்கிறோம்.

ஏன் எதிர்க்கிறோம்? பாசம் என்ற ஒரு சொல்லை வைத்து மட்டும் பேசவில்லை. ருமேனியா நாட்டின் தலைநகர் புகாரெஸ்டில் 2000 ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. அரசு விடுதிகளில் இருந்த 136 சிறு குழந்தைகளில் சரிபாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மற்றவர்கள் பழைய ஏற்பாட்டிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியில் முந்தினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். விடுதியில் ஷிஃப்டு மாறும், ஆயா மாறுவாள். பிள்ளைக்கு வேண்டியதோ காலையிலும் இரவிலும் அதே முகம், அதே மடி. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தார்கள், சமூகப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்த் துணை நின்றார்கள். அடிபட்ட மனதோடு வரும் பிள்ளையை வளர்ப்பது லேசான காரியமில்லை. "உன்பாடு" என்று குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கினால் அந்தக் குடும்பமும் முறியும்.

நம் நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிள்ளையை விடுதியில் வைப்பதைக் கடைசி வழி என்று எழுதி வைத்திருக்கிறது. பெற்ற குடும்பத்துக்கு மாத உதவி, அது முடியாதபோது வளர்ப்புக் குடும்பம் என்று இரண்டுக்கும் அதில் இடம் உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இந்த உதவி பிள்ளைக்கு மாதம் ரூ. 4,000. நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் பால் சங்கோபன் என்ற மாநிலத் திட்டமும் இருக்கிறது. ரூ. 425 ஆக இருந்தது 2021 இல் ரூ. 1,100 ஆகி, 2023 இல் ரூ. 2,250 ஆக உயர்ந்தது. அப்பனையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளும் இதைக் கேட்கலாம்.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கைக்கு வருகிறதா என்று கேட்கிறோம்.

ரூ. 2,250 என்றால் ஒரு நாளைக்கு 75 ரூபாய். மும்பையில் அதை வைத்து ஒரு பிள்ளையை வளர்த்துக் காட்டுங்கள்! மத்தியத் திட்டத்தின் வருமான வரம்போ நகரத்தில் ஆண்டுக்கு ரூ. 96,000, அதாவது மாதம் 8,000. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அதற்கு மேல் ஆயிரம் சேர்த்துச் சம்பாதிக்கிற விதவைத் தாய் இந்தக் கணக்கில் பணக்காரி! அவளுக்கு உதவி கிடையாது. ஆனால் அவள் பிள்ளையை ஹோமில் விட்டால் அரசே சோறு போடும். வீட்டில் வைத்துக்கொண்டால் தண்டனை, விட்டுவிட்டால் சலுகை. இது என்ன நியாயம்?

அடுத்தது காகிதக் கொடுமை. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ரேஷன் கார்டு என்று வரிசையாகக் கேட்பார்கள். "இது உங்கள் ஊர்க் கார்டு" என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய்மாரை நம் சங்க வாசலில் பார்த்திருக்கிறோம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்று முழங்கிய அரசே! அரிசிக்குச் செல்லும் கார்டு பிள்ளையின் சோற்றுக் காசுக்கு மட்டும் ஏன் செல்லாது?

மொழியும் ஒரு சுவர்தான். ஸ்டேஷனில் தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவே பிள்ளை எங்கே போவது என்று தீர்மானிக்கிறது. அங்கே மராத்தியும் இந்தியும் தெரியாத தாய் வாயடைத்து நின்றால், அவளுக்காக யார் பேசுவது?

"எல்லா வீடும் கோயிலா? குடித்துவிட்டு அடிக்கிற அப்பன் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிள்ளைக்கு ஆபத்து என்றால் வெளியே கொண்டுவரத்தான் வேண்டும். 1098 ஐ அழைக்கத் தயங்காதீர்கள். அப்போதும் முதலில் தேட வேண்டியது சித்தியை, தாய்மாமனை, இல்லாவிட்டால் ஒரு வளர்ப்புக் குடும்பத்தை. ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம்: வளர்ப்புக் குடும்பம் என்ற பெயரில் சின்னஞ்சிறுசை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறவனுக்கு நம்மிடையே இடமில்லை. குழு உத்தரவிட்டு, அதிகாரி வந்து பார்த்துப் போகும் ஏற்பாடாக அது இருக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள் நான்கு:

1. பெருநகரங்களில் ரூ. 96,000 வரம்பை உயர்த்து!
2. மாநில உதவியை ரூ. 4,000 ஆக்கு, மாதாமாதம் கொடு!
3. வெளிமாநில ரேஷன் கார்டை ஏற்றுக்கொள்!
4. நலக் குழுவில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அமர்த்து!

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி உட்கார வேண்டாம். ஒவ்வொரு பகுதிக் கிளையிலும் மூவரைத் தேர்ந்தெடுப்போம். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். விண்ணப்பம் எழுதுவதும், நலக் குழுவுக்குத் தாயுடன் போவதும் அவர்கள் வேலை. பிள்ளை வளர்க்க மனமும் இடமும் உள்ள குடும்பங்கள் பெயர் கொடுங்கள். 2024 இன் புதிய நெறிமுறைப்படி திருமணமாகாதவர்களும் கணவனை இழந்தவர்களும் விண்ணப்பிக்கலாம்.

ஊரை விட்டு வந்தோம், பிழைப்புக்காக. பிள்ளைகளை விட்டுவிட வரவில்லை. அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் காகிதங்களோடு வாருங்கள்!