சீனியர் ரெக்கார்டும் ஈடிடிஏவும்

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி லேப்ல ஈடிடிஏ டைட்ரேஷன் செஞ்சவங்கல்லாம் கை தூக்குங்க. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங்கை 'வரவழைச்சவங்க' இறக்கிடுங்க. மிச்சம் யாராச்சும்? (நானும் இறக்கியாச்சு.)

பசங்களைத் திட்டாதீங்க மக்களே. மேனுவலே அப்படித்தான்: பிப்பெட்ல இத்தனை மில்லி எடு, எரியோகுரோம் பிளாக் டி போடு, ஒயின் சிவப்பு நீலமாகும், ஃபார்முலா இது. கேள்வியே கிடையாது!

"ஹாஸ்டல் போர் தண்ணியில சோப்பு ஏன் நுரைக்கல? 2012 பிஐஎஸ் தரப்படி குடிதண்ணி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியில்லன்னா 600. உன் தண்ணி எவ்வளவு? எத்தனை தடவை சோதிச்சா நம்பலாம்?"னு அச்சடிச்சுக் கொடுக்க என்ன கேடு? அதே பியூரெட்தானே?

'ஆளுக்கொரு விடை வந்தா எப்படிய்யா மார்க் போடறது'ன்னார் ஒரு பேராசிரியர். ஆளுக்கொரு தண்ணி சார்!