செல்ப் எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை!
பழைய கார் படுத்துக்கொள்வதற்குப் புதிய பெட்ரோல்தான் காரணமா?

சாவியைத் திருப்பினால் ‘கிர்ர்... கிர்ர்...’ என்று செல்ப் மோட்டார் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. பத்துத் தடவை திருப்பினாலும் அதே கதைதான்!

பழைய கார் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் புதிது. “பெட்ரோலில் சாராயத்தைக் கலக்கிறார்கள். அதுதான் எஞ்சினைக் கெடுத்துவிட்டது” என்கிறார்கள். கும்பகோணத்திலும் இந்தப் பேச்சு உண்டு. சென்னையிலும் உண்டு. டில்லியில் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் இது போய்விட்டது.

இதில் உண்மை எவ்வளவு? பழி எவ்வளவு?

கும்பகோணத்தில் பழைய கார் என்பது வெறும் ஆடம்பரம் அல்ல. திருநாகேசுவரம், கஞ்சனூர், ஆலங்குடி, சூரியனார்கோயில் என்று நவக்கிரகக் கோயில்களுக்கு யாத்திரிகர்கள் வந்தபடி இருக்கிறார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் ஒரே ஒரு வாடகைக் கார்தான் சில வீடுகளில் அடுப்பு எரிய வைக்கிறது. 2028-ல் மகாமகம் வருகிறது. அதை நம்பி, நகையை அடகு வைத்துக் கார் வாங்குகிறவர்களும் இருப்பார்கள். அந்தக் கார் படுத்துக்கொண்டால், குடும்பமும் படுத்துவிடும்.

பெட்ரோலில் என்ன கலக்கிறார்கள்?

கலக்கப்படுவது எத்தனால் என்னும் எரிசாராயம். கரும்புச் சாறு, சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து இதை எடுக்கிறார்கள். அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள்! இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எரிசாராய ஆலைகளுக்குக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்க, 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் முடிவு செய்தது. நெல் விளைவிக்கும் தஞ்சைச் சீமைக்காரர்களுக்கு இது விந்தையாகத்தான் இருக்கும்.

நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அந்தச் செலவைக் குறைக்கவே இந்தக் கலப்பு. 2022-ல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த ‘இ-20’ பெட்ரோலைப் பிரதம மந்திரி மோடி, 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கி வைத்தார். 2030-ல் எட்ட வேண்டிய இந்த அளவு, 2025-லேயே எட்டப்பட்டுவிட்டது.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் இந்தப் பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பிரச்சினை அதற்கு முந்திய கார்களில்தான். அந்தப் பழைய கார்கள்தானே கை மாறி விலைக்கு வருகின்றன?

மைலேஜ் சிறிது குறையும் என்பதைப் பெட்ரோலிய மந்திரி சபை அலுவலகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. சில கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்று கணக்குச் சொன்னது. சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், அதற்குச் செலவு குறைவு என்றும் கூறியது.

கலக்காத பெட்ரோலையும் பங்குகளில் விற்க வேண்டும் என்று போடப்பட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

சர்க்கார் சொன்ன கணக்கு, காரைப் புதிதாக வாங்கி, தவறாமல் சர்வீஸ் செய்து வருகிறவருக்குப் பொருந்தும். இரண்டாம் கையாக வாங்கியவர் என்ன செய்வார்? ரப்பர் குழாய் மாற்றப்பட்டதா, எப்போது மாற்றப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. மலிவான செலவு என்று சொல்லப்படுவது, அவர் தலையில் மொத்தமாக வந்து விடியலாம். இந்தக் குறை நியாயமான குறைதான்.

தண்ணீர்தான் எதிரி!

எரிசாராயம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டாங்கியில் தண்ணீர் அளவு மீறினால், சாராயமும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கும். இதற்கு நூறு பங்கில் ஒரு பங்குக்கும் குறைவான தண்ணீர் போதும். பெட்ரோல் பம்பு உறிஞ்சுவதோ டாங்கியின் அடியிலிருந்து! பிறகு எஞ்சின் எப்படிப் பிடிக்கும்?

வெறும் ஈரக் காற்றால் இது ஒரே நாளில் நடந்துவிடாது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த கார், மூடி சரியில்லாத டாங்கி, மழைத் தண்ணீர் புகுந்த பெட்ரோல் ஆகியவற்றில்தான் ஆபத்து. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் வாங்கி நிறுத்திவிட்டுப் போன கார், ஐப்பசி கார்த்திகை மழை முழுவதும் வாசலில் கிடந்தால் சந்தேகப்பட இடம் உண்டு. இன்னொன்று: பழைய டாங்கியில் ஒட்டிக் கிடந்த அழுக்கையும் எரிசாராயம் கரைத்துவிடும். அது பில்டரில் போய் அடைத்துக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. மெக்கானிக் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, அசையாமல் வைக்கட்டும். அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் குற்றவாளி பிடிபட்டான். அடுக்கு இல்லை என்றால் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தது என்ற பேச்சை விட்டுவிட்டு, வேறு இடத்தில் தேட வேண்டும். (அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் இந்த வேலை கூடாது.)

காதால் கேளுங்கள்!

எஞ்சின் பிடிக்க மூன்று வேண்டும்: பெட்ரோல், பிளக்கில் தீப்பொறி, சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம். எது இல்லை என்பதை ஒலியே பாதி சொல்லிவிடும்.

செல்ப் முக்கி முனகிச் சுற்றினால் பாட்டரி பலவீனம். வழக்கத்தைவிட வேகமாக, லேசாக ‘விர்ர்’ என்று சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அது பெரிய செலவு.

வழக்கம்போல் சுற்றுகிறதா? அப்படியானால் சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல், ‘ஆன்’ நிலையில் நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று ஓசை வரும். அது டாங்கிக்குள் இருக்கும் பம்பின் ஓசை. ஓசை இல்லை என்றால் பியூஸ், ரிலே, பம்பு ஆகியவற்றை இதே வரிசையில் பார்க்க வேண்டும். சில ரூபாய் பியூஸ் போனதற்குப் பம்பையே மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கும் சங்கதி!

ஓசை வருகிறது, அப்படியும் பிடிக்கவில்லை. சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட சிவப்பு விளக்குக் கண் சிமிட்டினால், சாவிக்குள் இருக்கும் சில்லைக் கார் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு இது. இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்க்கலாம். பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சிறு உணர் கருவி உண்டு. கிராங்க் சென்சார் என்பார்கள். அது செத்துவிட்டால் தீப்பொறியும் வராது; பெட்ரோலும் பாயாது. அம்பாசிடர் காலத்தில் முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றிப் பார்ப்பார்கள். இன்று ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கானர் கருவியைச் செருகினால் கோளாறின் எண் தெரிந்துவிடும். பாகத்தை மாற்றுவதற்கு முன் அந்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்பது கார்க்காரரின் உரிமை.

வயல் ஓரத்து வீடுகளில் எலியையும் மறக்கக்கூடாது. அறுவடை முடிந்தால் எலிக்கு வயலில் வேலை இல்லை. பானெட்டுக்குள் கதகதப்பாகப் படுத்து, ஒயரைக் கடித்து வைத்துவிடும். பெட்ரோலை ஏசிக்கொண்டிருக்கும் வீட்டில் குற்றவாளி எலியாக இருந்தால் என்ன சொல்வது!

ஒரு எச்சரிக்கை. செல்பைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றக் கூடாது. அரை நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் கருகும். வெள்ளத்தில் நின்ற காரைச் சுற்றவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கம்பி வளைந்து எஞ்சினே போய்விடும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய கார் துடைத்து மெருகிடப்பட்டு எந்த ஊரிலும் விலைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை காட்டிக் கொடுத்துவிடும். சீட்டின் அடி போல்ட்டில் துரு இருக்கிறதா, மிதியடிக்குக் கீழே ஈர நாற்றம் அடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விலை பேசப் போகிறவர்கள் காலையில் போவது நல்லது. “இப்பொழுதுதான் ஓட்டிப் பார்த்தேன்” என்று சொல்லி, விற்பவர் எஞ்சினை முன்னமே சூடாக்கி வைத்திருக்கலாம். சூடான எஞ்சின் பல கோளாறுகளை மறைத்துவிடும். பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்கலாம். சூடாக இருந்தால், பேரத்தை மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட்டுவிட வேண்டியதுதான்.