ஊன்றுகோலை கூரியரில் அனுப்பாதீங்க

போன மாசம் பக்கத்து ஊர்ல எனக்கு பெரியப்பா முறை ஆகற ஒருத்தர் விழுந்துட்டார். எழுபத்தி நாலு வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கிச்சு. கை ஓரளவுக்கு திரும்பிடுச்சு, கால்தான் முழுசா வரலை. ஆசாரத்துல இருந்து வாசலுக்கு இறங்கற படியில தடுமாறி விழுந்ததுல இடுப்புக்கிட்ட எலும்பு முறிஞ்சுது. ஆபரேசன் பண்ணி இப்ப கட்டில்ல கிடக்கறார்.

பார்க்கப் போனேன். சென்னையில வேலை பார்க்கற அவரோட பையன், எனக்குத் தம்பி முறை, ஆஸ்பத்திரி வராண்டாவுல தலையில கை வெச்சு உக்காந்திருந்தான். "அண்ணா, மூவாயிரம் ரூபாய் குடுத்து நல்ல ஸ்டிக்காத்தான் வாங்கி அனுப்பினேன். யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு பூராத்தையும் படிச்சுப் பார்த்துதான் வாங்கினேன். அப்படியும் விழுந்துட்டாரே"ன்னான். அழுதுட்டு இருக்கற பையன்கிட்ட என்னத்தைச் சொல்றது. சும்மா தோளைத் தட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். அங்க சொல்லாததை இங்க சொல்றேன். டவுன்ல இருந்து படிக்கற நிறைய பேருக்கு இது கோபம் வரும். வந்தாப் பரவாயில்லை.

அந்த ஸ்டிக்கை நான் பார்த்திருக்கேன். நல்ல பொருள்தான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா அதோட பிடி அவர் வயித்துக்கிட்ட வந்து நின்னுச்சு. பிடிச்சா தோள்பட்டை காதுகிட்ட ஏறிக்கும். பட்டனை அமுக்கி நாலு ஓட்டை கீழ இறக்கியிருந்தா சரியாப் போயிருக்கும். பட்டன் இருக்கறதே அந்த வீட்ல யாருக்கும் தெரியாது. அதைவிடக் கொடுமை, சோர்ந்த கால் வலது கால், ஸ்டிக்கையும் வலது கையிலயே பிடிச்சிருந்தார். "பெரியப்பா, கையை மாத்திப் பிடிங்க"ன்னு ஒரு தடவை சொன்னேன். "வலது கையிலதானடா எனக்குப் பழக்கம்"னார். விட்டுட்டேன். பெரியவர்கிட்ட எத்தனை தடவை சொல்றதுன்னு ஒரு சங்கடம். அவர் விழுந்ததுல எனக்கும் பங்கு இருக்கு, மறைக்கலை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, நானும் அதே வண்டியில போறவன்தான். மூணு வருசம் முன்னாடி மஞ்சள் வேக வெக்கற சமயத்துல எனக்கு இடது பக்கம் இழுத்துக்கிச்சு. பெங்களூர்ல இருக்கற என் பையனும் இதையேதான் பண்ணினான். கீழ நாலு கால் வெச்ச ஊன்றுகோல் ஒண்ணு அட்டைப் பெட்டியில வந்துச்சு. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கு ஊரே வந்து பார்த்துச்சு. எனக்கும் பெருமைதான்.

அந்த நாலு கால்ல ஒரு பக்கம் நேரா இருக்கும், இன்னொரு பக்கம் வெளிய பரவி இருக்கும். நேரா இருக்கற பக்கம் நம்ம உடம்பைப் பார்த்து இருக்கணும், பரவின கால் வெளிப்பக்கம் போகணும். கடையில இருந்து வந்தது இடது கைக்காரனுக்கு மாட்டின மாதிரி வந்திருந்துச்சு. நான் வலது கையில பிடிச்சா பரவின கால் என் பாதத்துக்குக் குறுக்க வந்து நிக்கும். ஒரு வாரத்துல மூணு தடவை தடுக்கினேன். என் கால்தான் சரியில்லைன்னு நெனச்சு என்னையே திட்டிக்கிட்டேன். பயிற்சி குடுக்க வந்த பிசியோதெரபி பொண்ணு ஒரு பார்வை பார்த்தது. பட்டனை அமுக்கி அடிப்பாகத்தைத் திருப்பி மாட்டினது. அரை நிமிசம் ஆகலை.

வீட்டுக்குள்ள சமதளத்துல, நிக்கறதே தடுமாற்றமா இருந்த அந்த முதல் ரெண்டு மாசத்துக்கு நாலு கால் உதவுச்சு. இல்லைன்னு சொல்லக் கூடாது. ஆனா எங்க வாசலும் களமும் டவுன் பிளாட்பாரம் இல்லைங்க. கல்லும் குழியும், மாட்டுக் குளம்படியும். நாலு காலும் ஒரே நேரத்துல தரையில பட்டாத்தான் அது நிக்கும். ரெண்டு கால் மட்டும் பட்டா ஆடும், நம்பி எடையைப் போட்டா சாய்ச்சுடும். படியில முழுசா உக்காராது. இப்ப நான் வெச்சிருக்கறது ஒத்தைக்கால் அலுமினியக் கம்பு, உயரம் மாத்தற மாதிரி. ஐநூறு ரூபாய்க்குள்ள. ஆக மூவாயிரமா ஐநூறாங்கறது விசயம் இல்லை. எந்த ஆளு, எந்தத் தரை, எந்தக் கை, எத்தனை பலம்? இந்த நாலையும் பார்க்காம வாங்கற எந்தக் கம்பும் பாதிக் கம்புதான்.

அளவு எடுக்கறது பெரிய வித்தை இல்லை. அப்பா வழக்கமாப் போடற செருப்பைப் போட்டு நேரா நிக்கச் சொல்லுங்க. கையைத் தொங்க விடச் சொல்லுங்க. மணிக்கட்டுல உள்பக்கம் கோடு இருக்கும் பாருங்க, தரையில இருந்து அது வரைக்கும் எவ்வளவோ, அதுதான் பிடியோட உயரம். பிடிச்சு நிக்கறப்ப முழங்கை லேசா மடங்கி இருக்கணும். கை விறைச்சு நீண்டிருந்தா கம்பு குட்டை. தோள் மேல ஏறினா கம்பு நெட்டை. மரக்கம்பா இருந்தா அடி ரப்பரைக் கழட்டி, ரப்பரோட கனத்தையும் கணக்குப் பண்ணி, கீழ்ப்பக்கம் அறுக்கணும். இதுக்கு ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் அப்பாவைப் பிடிச்சுக்க, ஒருத்தர் டேப் பிடிக்க. இந்த ரெண்டாவது ஆள்தான் எந்தப் பார்சல்லயும் வர்றதில்லை.

எந்தக் கையில பிடிக்கறதுங்கறதுல நானே ஏமாந்தவன். வாழை தார் போட்டு ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கம்தான் முட்டுக் குடுப்போம். அதனால சோர்ந்த பக்கம்தான் கம்பு ஊனணும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுகிட்டயே வாழைக் கதையைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "ஐயா, வாழை நடக்காதே"ன்னுச்சு. நியாயம்தானே? நடக்கறப்ப சோர்ந்த கால் தரையில நிக்கற நேரத்துலதான் நமக்கு ஆபத்து. அந்த நேரம் எதிர்ப்பக்கக் கையில கம்பு இருந்தா எடை ரெண்டுக்கும் பிரியும், நிக்கற அகலமும் கூடும். கம்பும் சோர்ந்த காலும் ஒரே பக்கம் இருந்தா உடம்பு மொத்தமும் அந்தப் பக்கமே சரியும். அதனால நல்ல கையில கம்பு. முதல்ல கம்பை ஒரு சின்ன எட்டு முன்னால வை, பாதத்துக்கு வெளிப்பக்கமா அரைச் சாண் தள்ளி. அப்புறம் சோர்ந்த கால். அப்புறம் நல்ல கால். படி ஏறினா நல்ல கால் முதல்ல. இறங்கினா கம்பும் சோர்ந்த காலும் முதல்ல. பெரியப்பா இறங்கினது நல்ல காலை முன்னால விட்டு. அவர் உடம்பு பூராத்தையும் தாங்கி மடங்க வேண்டிய வேலை சோர்ந்த காலுக்குப் போயிடுச்சு. அதால எப்படி முடியும்?

வாக்கர் வாங்கிக் குடுத்த மகராசன்களும் உண்டு. சாதா வாக்கருக்கு ரெண்டு கையும் வேணும். ஒரு கை விழுந்த மனுசன் அதை எப்படித் தூக்குவார்? எங்க ஊர்ல ஒரு வீட்ல அது துணி காயப் போடற ஸ்டேண்டா நிக்குது.

இன்னொரு கூட்டம் இருக்கு. "கம்பு பழகினா அப்புறம் கம்பு இல்லாம நடக்கவே முடியாது, வாங்கிக் குடுத்து சோம்பேறி ஆக்காதீங்க"ன்னு வீட்டுக்கு வந்து புத்தி சொல்லிட்டு காபி குடிச்சுட்டுப் போவாங்க. ஒறம்பரைல பாதிப் பேர் இந்த ரகம். இவங்க பேச்சைக் கேட்டு நான் ஒரு கல்யாணத்துக்குக் கம்பை கார்லயே வெச்சுட்டுப் போனேன். வெக்கம் வேற. ஐம்பத்தி சொச்ச வயசுல தடி ஊனிட்டுப் போனா பங்காளிக முன்னாடி எப்படி நிக்கறது? பந்தி முடிஞ்சு கை கழுவற இடத்துல ஈரத்தரை. அத்தனை பேர் முன்னாடி விழுந்தேன். அடி பலமா இல்லை, ஆனா அதுக்கப்புறம் நாலு மாசம் நான் வீட்டை விட்டு வெளிய போகலை. விழுந்துருவோம்ங்கற பயம், நடையையே நிறுத்திடுச்சு. நடக்காமக் கிடந்ததுல வந்த பலமும் போயிடுச்சு. இப்பச் சொல்லுங்க, என்னைச் சோம்பேறி ஆக்கினது கம்பா, இந்தப் புத்திமதியா? காலுக்குப் பலம் வந்து கம்பு வேண்டாம்னு ஆனா, பயிற்சி குடுக்கறவங்களே கழட்டி விடுவாங்க. அதை முடிவு பண்ண வேண்டியது காபி குடிக்க வந்தவர் இல்லை.

வீட்டைப் பத்தியும் சொல்லணும். பிள்ளைக சம்பாதிச்ச பணத்துல ஊர் வீட்டுக்குப் பளபளன்னு டைல்ஸ் போட்டுக் குடுக்கறாங்க. வருசத்துக்கு நாலு நாள் வர்றவங்களுக்கு அது அழகு. அதுல மீதி நாள் பூரா நடக்கறது அப்பாவும் அம்மாவும். தண்ணி சிந்தினா கம்பும் வழுக்கும், காலும் வழுக்கும். கம்போட அடி ரப்பரை யாராவது திருப்பிப் பார்க்கறீங்களா? பட்டன் தேஞ்ச டயரோட வண்டி ஓட்ட மாட்டீங்க. அப்பாவோட கம்பு ரப்பர் வழுவழுன்னு தேஞ்சு கிடக்கும், இல்லைன்னா மண்ணு அப்பியிருக்கும். சில பத்து ரூபாய்ச் சாமான். நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கழுவித் துடைச்சுப் பார்க்கறேன். செருப்பும் அப்படித்தான். குதிகால்ல வார் இல்லாத செருப்பு சோர்ந்த கால்ல இருந்து கழண்டு போனாத் தெரியாது. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கணும், விளிம்பு கம்புல மாட்டும். கூட வர்றவங்க சோர்ந்த பக்கம், கொஞ்சம் பின்னால வரணும். விழுந்த கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க. அந்தத் தோள் ஏற்கெனவே பிடிப்பு விட்டுக் கிடக்கும், இழுத்தா இறங்கிடும். பாசத்துல இழுத்தே வலியைக் கொண்டு வந்தவங்க எத்தனையோ பேர்.

"எங்களுக்கு லீவு கிடைக்காதுங்க, தூரத்துல இருக்கோம்"னு சொல்வீங்க. தெரியும். என் பையனும் அதைத்தான் சொன்னான், பொய் இல்லை. தினமும் கூட இருக்கச் சொல்லலை. ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம். அதுக்கும் முடியலைன்னா போன்ல வேற ஒரு காரியம் பண்ணலாம். தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல, வீட்டோட முடங்கிக் கிடக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கற ஏற்பாடு இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேசி அப்பா பேரைச் சொல்லலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கற அறுபது வயசு தாண்டினவங்களுக்கு ஊன்றுகோல் மாதிரி சாதனங்களை இலவசமாக் குடுக்கற மத்திய அரசுத் திட்டம் ஒண்ணு 2017-ல இருந்து இருக்கு, வயோஸ்ரீ யோஜனான்னு பேரு. முகாம்ல வாங்கினாலும் அளவு பார்த்து வாங்கணும். வரிசையில நின்னு கிடைச்சதைத் தூக்கிட்டு வந்து மூலையில சாத்தி வெச்ச கம்புகளையும் நான் பார்த்திருக்கேன்.

வீடியோ கால்ல தினமும் "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா"ன்னு கேக்கறீங்க. நல்லது. போனை அம்மா கையில குடுத்து, "அப்பா, வாசல் வரைக்கும் நடந்து காட்டுங்க"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எந்தக் கையில கம்பு, எந்தக் கால் முதல்ல, தோள் ஏறுதா, எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும். என் பையனை இப்ப மாசம் ஒருக்கா அப்படிப் பார்க்க வெச்சிருக்கேன். போன தடவை, "அப்பா, கண்ணு முன்னாலயே இருக்கட்டும், கம்பு நுனியைப் பார்த்துக் குனியாதீங்க"ன்னான். யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சு வெச்சிருக்கான். மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி வந்த அன்னைக்கு இல்லாத சந்தோசம் அன்னைக்கு எனக்கு.

கம்பு ஊனினா நல்ல கையும் போச்சுங்கறதை மறந்துடாதீங்க. ஒரு கை விழுந்துடுச்சு, இன்னொரு கையில கம்பு. வாளி, குடை, போன், மாத்திரை டப்பா எதையும் தூக்க முடியாது. அதையெல்லாம் மூணு வருசமா என் சம்சாரம் தூக்கறா. தண்ணி கட்டறதும் அவதான். ஒரு தோள்பை தைச்சுக் குடுத்தா, அதை மாட்டிக்கிட்டு போனையும் மாத்திரையையும் நானே வெச்சுக்கறேன்.

பெரியப்பா இன்னும் ரெண்டு மாசத்துல எந்திரிச்சு நிப்பார்னு டாக்டர் சொல்லியிருக்கார். தம்பி சென்னைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அவனைக் கூட்டிட்டு வந்து என் கம்பைக் குடுத்து, பட்டனை எப்படி அமுக்கறது, எந்த ஓட்டையில மாட்டறதுன்னு காட்டினேன். இந்தத் தடவை அவர் கை மாத்திப் பிடிக்கற வரைக்கும் நான் எந்திரிச்சு வர்றதா இல்லை. அதுக்குள்ள உங்க அப்பாவோட கம்பையும் ஒருக்கா பார்த்துருங்க. பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப பையில ஒரு இஞ்ச் டேப் போட்டுக்குங்க.