இயந்திரம் வந்தது, வேலை யாருக்கு?

அரிவி வெட்டுதல், உப்பட்டி கட்டுதல், சூடடித்தல் எனப் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்த வேலைகளை இன்று வன்னி வயல்களில் அறுவடை இயந்திரம் ஒன்றாகவே முடித்துவிடுகின்றது. 2009இன் பின் மீள்குடியேறியவர்கள் கண்ட பெரிய மாற்றங்களில் இதுவும் ஒன்று. காணியுள்ள கமக்காரருக்கு இதனால் நன்மையுண்டு. மழைக்கு முன் நெல் வீடு சேரும். ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. எனவே இயந்திரம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. காணி இழந்து கூலியை நம்பியிருக்கும் குடும்பம் எங்கே போவது என்றுதான் கேட்கின்றோம்.

இக்கேள்வி புதியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960களில் தக்காளி அறுவடை இயந்திரம் பரவியது. அதையும், அதன் அடி தாங்கும் தக்காளி இனத்தையும் உருவாக்கியது அரச பல்கலைக்கழகமே. 50,000 டொலருக்கு மேல் விலையான அவ்வியந்திரம் பெரிய பண்ணைகளுக்கே கட்டுப்படியானது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 ஆக இருந்த தக்காளிச் செய்கையாளர் தொகை 1973இல் 600 அளவுக்குக் குறைந்தது. 1970களின் இறுதிக்குள் சுமார் 32,000 வேலைகள் அற்றுப்போனதாக மதிப்பிடப்பட்டது. நிறம் பார்த்துப் பழம் பிரிக்கும் மின்னணுக் கருவி வந்ததும், இயந்திரத்தின் மேல் நின்று பழம் தெரிந்த பெண்களிற் பலருக்கும் வேலை இல்லாமற்போனது. பொதுப்பணம் ஒரு சிலருக்கே பயன்பட்டது என்று 1979இல் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? இயந்திரம் எல்லோருடைய வேலையையும் ஒரேயளவாகக் குறைப்பதில்லை. கைப்பலத்தை நம்பியவர் முதலில் விழுகிறார். ஓட்டவும், பழுது பார்க்கவும், கணக்கு வைக்கவும் தெரிந்தவருக்குச் சில புதிய வேலைகள் பிறக்கின்றன. அவையும் பெரும்பாலும் பட்டணத்து வேலைத்தலங்களிலேயே பிறக்கின்றன. முகாமுக்கு முகாம் மாறியதாற் படிப்பு முறிந்த நம் பிள்ளைகளிடம் சாதாரண தரச் சான்றிதழைக் கேட்டால், அந்தக் கதவும் அடைபட்டுவிடும்.

ஆகவே மூன்று விடயங்களை வலியுறுத்துகின்றோம். இயந்திரத்தைக் கமக்காரர் அமைப்புகள் பொதுவில் வாங்கி, அதை இயக்கும் வேலையைக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். தொழிற்பயிற்சிக்குச் சான்றிதழைப் பாராமற் சேர்த்து, எழுத்தும் கணக்கும் அங்கேயே கற்பிக்க வேண்டும். பெண்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இயந்திரம் வாங்கக் கடனோ மானியமோ வழங்குமுன், ஊரில் எத்தனை நாட் கூலி குறையும் என்பதைக் கணக்கிட வேண்டும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றை எழுப்புங்கள். கூலிக்குப் போகிறவர்களையும் அக்கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் இல்லாமல் எடுக்கும் முடிவு அரைமுடிவே.