பாட்டி மடியா, கார் சீட்டா?

தம்பி மகளுக்குத் தலைப்பிரசவம் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில்தான் நடந்தது. குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் சென்னையில் புகுந்த வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்தார்கள். சுமார் 620 கிலோமீட்டர். மாப்பிள்ளை முதல் நாளே காரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் குழந்தைக்கான கார் சீட் ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார்.

அதைப் பார்த்ததும் தம்பி மனைவிக்கு முகம் வாடிவிட்டது. "பச்சப் புள்ளைய பெல்ட்டு போட்டுக் கட்டிப் போடவா? மூணு மாசமா இந்தக் கையிலதான கெடக்கா. மடியில வச்சிருந்தா நான் என்ன கீழ போட்ருவனா, மதினி?"

அவள் கேட்டதில் தப்பில்லை. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பாட்டி மடியை விடப் பத்திரமான இடம் வேறு கிடையாது. குளிப்பாட்டுவதும் அங்கேதான், மருந்து புகட்டுவதும் அங்கேதான். ஓடுகிற காரில் மட்டும் அந்தக் கணக்கு சரிவராது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் என் கதையைச் சொன்னேன்.

1997-ல் என் மகனுக்கு நான்கு மாதம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு அம்பாசிடரில் போனோம். காற்று நன்றாக வரும் என்று முன் சீட்டில் நான், மடியில் அவன். ஆலங்குளம் தாண்டி ஓர் ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். மோதல் இல்லை, பெரிய வேகமும் இல்லை, நாற்பதுதான் இருக்கும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆனாலும் அவன் கையை விட்டுப் போய் டேஷ்போர்டில் இடித்துக்கொண்டான். புருவத்தில் மூன்று தையல். இன்றைக்கும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. நான் தூங்கவில்லை, அசட்டையாகவும் இருக்கவில்லை. பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலோ மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னே போவார்கள். ஐந்தரை கிலோ குழந்தையை அந்த நேரத்துக்குள் பிடித்து நிறுத்த, 75 கிலோ அரிசி மூட்டையைத் தூக்குகிற பலம் வேண்டும். நான்குவழிச் சாலையில் 100-ல் போனால் மூட்டை இரண்டு. எந்தப் பாட்டியாலும் முடியாது. பயில்வானாலும் முடியாது. பாட்டி பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம், அவருடைய எடையும் சேர்ந்து குழந்தை மேல் விழும். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டை மாட்டுவதும் அதே போலத்தான். நடுவில் நசுங்குவது குழந்தை.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விபத்தில் இறக்கும் அபாயத்தைச் சரியாகப் பொருத்திய கார் சீட் சுமார் 70 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு. நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிறையாத குழந்தையை பெல்ட்டோ கார் சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். எங்கள் பக்கம் இதற்காக ஒரு காரை நிறுத்தி நான் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கார் சீட் வாங்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. 'கேரி காட்' என்று கைப்பிடி வைத்து விற்கும் எல்லாமே கார் சீட் ஆகிவிடாது. பல, வீட்டுக்குள் தூக்கிப் போகவும் ஆட்டித் தூங்கவைக்கவும் மட்டுமே லாயக்கு. கார் சீட்டின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற தர எண்ணும், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினால் அது ஏற்கெனவே விபத்தில் சிக்கியதா, அதன் ஆயுள் தேதி முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்.

பொருத்துவது பின் சீட்டில், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி. "எங்கள பாக்காம அங்கிட்டு திரும்பிக் கெடப்பாளா?" என்று தம்பி மனைவிக்கு அதிலும் வருத்தம். கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிசு, உடம்பின் நீளத்தில் கால் பங்கு. கழுத்து எலும்பு இன்னும் கெட்டியாகவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் பிரேக் அடிக்கும்போது உடம்பு பெல்ட்டில் நிற்கும், தலை மட்டும் முன்னே போகும். பின்பக்கம் பார்த்திருந்தால் அந்த அதிர்ச்சி முதுகு முழுக்கப் பரவி, கழுத்துக்குத் தனியாக வேலை வராது. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் இப்படித் திருப்பி வைக்கவே கூடாது. பை வெடித்து விரிகிற வேகம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

மாட்டிய பிறகு, காரின் பெல்ட் நுழைகிற இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தைக்கு மாட்டும் வார், தோளின் உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வர வேண்டும். விரலால் கிள்ளிப் பார்த்தால் வாரில் மடிப்பு பிடிபடக் கூடாது. ஸ்வெட்டர், துணிச் சுற்று எல்லாம் வாருக்கு உள்ளே வேண்டாம். குளிரும் என்றால் மாட்டி முடித்த பிறகு மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் போதும். தலைக்குத் தலையணை, முதுகுக்கு மெத்தை என்று பாசத்தில் எதையும் திணிக்காதீர்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு அவள் கடைசியாக ஒன்று கேட்டாள். "அப்ப மேலே கைப்பிடியில சேலையக் கட்டித் தூளி போட்ருவோமா?" அப்படிப் போகிற கார்களை நானும் பார்த்திருக்கிறேன். பிரேக் போட்டால் அந்தத் தூளி எங்கே போய் இடிக்கும் என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

அவளுடைய தாங்கலுக்கு மருந்து, அவளிடம் ஒரு வேலையைக் கொடுத்ததுதான். இது வெறும் சமாதானமில்லை, நிஜமாகவே முக்கியமான வேலை. கார் சீட்டில் சாய்ந்து தூங்கும் குழந்தையின் தலை முன்னே தொங்கி, முகவாய் நெஞ்சில் பதிந்தால் மூச்சுக்குழல் மடங்கும். சத்தமே வராது. தூங்குகிறாள் என்றுதான் நினைப்போம். அதனால் சீட்டை அதன் புத்தகத்தில் சொன்ன அளவுக்குச் சாய்த்துப் பொருத்த வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். "முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரல் இடம் இருக்கணும். அதைப் பார்த்துக்கிடுறது உன் பொறுப்பு" என்றேன். அன்றைக்குச் சென்னை வரைக்கும் வருவது என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

இதே காரணத்தால்தான் கைக்குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் சீட்டில் வைக்க வேண்டாம் என்கிறார்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் அரை மணி நேரமே அதிகம், நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. குறைமாதத்தில் பிறந்திருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். போய்ச் சேர்ந்த பிறகும், தூக்கம் கலையுமே என்று சீட்டோடு தூக்கிப் போய் வீட்டுக்குள் அப்படியே விட்டுவிடாதீர்கள். மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

இந்த இரண்டு மணி நேரக் கணக்கை வைத்துத்தான் பயணத்தையே பிரித்தோம். ராத்திரி கிளம்பினால் வெயில் இருக்காது என்றான் தம்பி. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே ஸ்டியரிங்கில் கண் சொருகாத டிரைவரை எனக்குக் காட்டு என்றேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, முதல் நாள் திருச்சியோடு நிறுத்தி, சொந்தக்காரர் வீட்டில் ராத் தங்கல் என்று முடிவானது.

சீர் சாமான்களை ஏற்றும்போது இன்னொரு சிறு சண்டை. பித்தளைக் குத்துவிளக்கும் ஒரு கூடைத் தேங்காயும் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் ஏறியிருந்தன. பிரேக் அடித்தால் முதலில் பறப்பது அவைதான். எல்லாம் கீழே, டிக்கிக்குள் போயின.

கோவில்பட்டி தாண்டியதும் குழந்தை வீறிட்டாள். பசி இல்லை, டயப்பர் நனையவில்லை, சும்மா ஓர் அழுகை. நீண்ட பயணத்தில் பெற்றவர்கள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். "ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிடட்டுமா?" என்று பக்கிளில் கை போகும். அழுகையைத் தாங்க முடியவில்லை என்றால் நிற்க வேண்டியது கார், கழற்ற வேண்டியது வார் இல்லை. மாப்பிள்ளை அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போய், உள்ளே தள்ளி நிறுத்தினார். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தவில்லை. பின்னால் வருகிற லாரிக்கு நாம் நிற்பது தெரியும் என்று நம்பக் கூடாது. பத்து நிமிடம் தோளில் போட்டுத் தட்டியதும் அடங்கினாள்.

பால் கொடுப்பதும் இப்படித்தான், கார் நின்ற பிறகு. ஓடும்போது கொடுத்தால் அம்மாவுக்கும் பெல்ட் இல்லை, குழந்தைக்கும் இல்லை. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலில் போதுமான தண்ணீர் இருக்கிறது. அடிக்கடி கொடுத்தால் போதும். பவுடர் பால் கொடுக்கிறவர்கள் கொதித்த தண்ணீரைத் தெர்மாஸிலும் பவுடரைத் தனி டப்பாவிலும் எடுத்துப் போய், வேண்டும்போது கலந்து, நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். வழியில் தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், மூச்சையே பாதிக்கும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி சூடு ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதெல்லாம் பொய். பெரியவர்களை விடக் குழந்தையின் உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். காப்பி குடிக்க, டாய்லெட் போக, எதற்கு இறங்கினாலும் குழந்தையும் இறங்க வேண்டும், தூங்கினாலும் சரி. திரும்பி வந்து உட்காரவைக்கும் முன் பக்கிளின் உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். வெயில் படுகிறது என்று சீட்டின் மேல் துணியைப் போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்றே போகாது.

அம்மாவையும் மறந்துவிடுகிறோம். சிசேரியன் ஆன பெண்ணுக்கு மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது நல்லதில்லை. நிறுத்தும் இடத்தில் எல்லாம் கொஞ்சம் நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படியட்டும்.

6, 10, 14 வாரத் தடுப்பூசி போட்ட கையோடு கிளம்பாமல் இரண்டு நாள் விட்டுக் கிளம்புங்கள், காய்ச்சல் வர வாய்ப்புண்டு. தடுப்பூசி அட்டை கைப்பையில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள்ளான குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் வழியில் உள்ள ஊரிலேயே டாக்டரைப் பாருங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள வேண்டாம்.

என்னைக் கேட்டால், இவ்வளவு தூரத்துக்கு ரயில்தான். 2023 முதல் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நடுவே வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்தால் குழந்தை பாட்டுக்குத் தூங்கும். எங்களுக்குச் சீர் சாமான் இருந்ததால் கார்.

ஐந்து மணி நேரத்தில் போகிற திருச்சிக்கு எட்டு மணி நேரம் ஆனது. மறுநாள் சாயங்காலம் சென்னையிலிருந்து தம்பி மனைவி போன் செய்தாள். "நல்லபடியா வந்து சேந்துட்டோம், மதினி. ஒரு விரல்னு சொன்னீங்கல்லா, விழுப்புரத்துக்கிட்ட ரெண்டு தடவ தல தொங்குச்சு. வண்டிய நிப்பாட்டச் சொல்லி சீட்டச் சரி பண்ண வச்சேன். மாப்பிள்ள சீட்ட சரியாவே சாய்க்கல, பாத்துக்கிடுங்க."